மோட்டார் ரூம் சுவரில் ஒரு பெட்டி

மக்களே,

மோட்டாரை இயக்கவும் போனுக்குச் செய்தி அனுப்பவும் நீ செய்து அனுப்பிய தண்ணீர்த்தொட்டிக் கருவி நன்றாக ஓடுகிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் போனில் "பெட்டியை மாற்றிவிட்டேன்" என்று சொன்னதும் உன் குரல் சுருங்கிப்போனது. மூன்று ராத்திரி உட்கார்ந்து வரைந்து 3டி பிரிண்டரில் எடுத்த பெட்டி அது என்று எனக்குத் தெரியும். அதை ஏன் கழற்றினேன், பதிலுக்கு என்ன செய்தேன் என்பதெல்லாம் போனில் சொன்னால் பாதிதான் வந்து சேரும். அதனால்தான் எழுதுகிறேன்.

பங்குனியில் மாட்டினோம். சித்திரை பாதியாகும்போது மூடி வாடிய வாழையிலை மாதிரி தொய்ந்துவிட்டது. திருகு போட்ட நாலு மூலையும் இருந்த இடத்தில் நிற்க, நடுப்பாகம் குழிந்து, ஒரு பக்கம் வாய் திறந்துவிட்டது. அந்த வழியாக எறும்பு ஏறி, மோட்டாரை ஓட்டி நிறுத்துகிற ரிலேயைச் சுற்றிக் கூடு வைத்திருந்தது. நீ போட்டிருந்தது பி.எல்.ஏ. என்கிற பிளாஸ்டிக். அது 60 டிகிரி சூட்டிலேயே இளக ஆரம்பிக்கும். பெட்டி கறுப்பு நிறம், மாட்டியது மேற்குச் சுவர், மேலே தகரக் கூரை. மத்தியானம் மூன்று மணிக்கு அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. ஏசி போட்ட அறையில் உன் மேசைமேல் அந்தப் பெட்டி கல் மாதிரி இருந்திருக்கும், அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது உன் மேசையில் இருக்கப்போகிற பெட்டி இல்லையே. சர்க்யூட் போர்டு வரைவதற்கு முன்னால், "அம்மா, இது எந்தச் சுவரில் தொங்கப்போகுது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

அப்பா உடனே அலுமினியம் என்றார். கடை நடத்திய காலத்தில் அவர் செய்த ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றுக்கும் அலுமினியப் பெட்டிதான். அவர் சர்க்யூட் போடுவார், பெட்டி நான் செய்வேன். கோட்டாறில் தகர வேலை செய்தவருடைய மகள் என்பதால் அந்த வேலை என் கைக்கு வந்தது. பரணில் கிடந்த பழைய பெட்டி ஒன்றைத் துடைத்து, உன் போர்டை அதில் வைத்து மூடினோம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் போனுக்குச் செய்தி வருவது நின்றுவிட்டது. மூடியைத் திறந்தால் வரும், மூடினால் போய்விடும். ஒரு சாயங்காலம் முழுக்க அப்பா திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தார். போர்டின் ஓரத்தில் இருக்கிற அந்த வளைந்த செம்புக் கோடுதான் ஆன்டெனா என்றும், நாலாபுறமும் உலோகத்தால் மூடினால் வைஃபை வெளியே போகாது என்றும் நீதான் அப்புறம் சொன்னாய். ஆம்ப்ளிஃபயருக்கு அந்தக் குணம்தான் வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வரும் இரைச்சலைப் பெட்டியே தடுத்துவிடும். அங்கே உதவிய அதே குணம் இங்கே காரியத்தைக் கெடுத்துவிட்டது.

ஆனாலும் அலுமினியத்தை நீ ஒதுக்கிவிடாதே. பவர் சப்ளை, ஆம்ப்ளிஃபயர் மாதிரி சூடாகிற சாமானுக்கு அதைவிட நல்லது கிடையாது, பெட்டியே சூட்டை வெளியே கொண்டுபோய்விடும். 12 வோல்ட்டை 7805 ரெகுலேட்டர் போட்டு 5 வோல்ட்டாக்கி ஒரு ஆம்பியர் எடுத்தால், மீதி 7 வாட்டும் சூடாகத்தான் வரும் என்று அப்பா அடிக்கடி சொல்வார். அந்தச் சூடு போக வழி வேண்டும். 20 கேஜ் தகடு, அதாவது ஒரு மில்லிக்குக் கொஞ்சம் குறைவு, சின்னப் பெட்டிக்குப் போதும். கனமான சாமான் உட்கார்கிற அடிப்பாகத்துக்கு அதைவிடத் தடித்த 18 கேஜ். தகடு வாங்கியதும் நேரே மடிக்காதே. மூலையில் ஒரு துண்டை வெட்டிக் குறடால் மடித்துப் பார். தாத்தா எந்தத் தகட்டையும் இப்படிப் பார்க்காமல் கோடு போடமாட்டார். மடிப்பில் வெடிப்பு விட்டால் அது கெட்டித் தகடு. 6061-டி6 என்று விற்பது அப்படித்தான், கூர்மையாக மடித்தால் வெடிக்கும். 5052 நன்றாக மடியும். கடைக்காரருக்கே எதுவென்று தெரியாவிட்டால், மடிக்க வேண்டிய கோட்டில் துணி சோப்பைத் தேய்த்து அடியிலிருந்து சூடு காட்டு. சோப்பு கறுத்ததும் நிறுத்திவிடு. ஆறியபின் தகடு இளகி இருக்கும்.

மடிப்பதற்கு மெஷின் வேண்டாம். இரண்டு இரும்பு ஆங்கிளுக்கு நடுவில் தகட்டைக் கோட்டோடு சேர்த்து இறுக்கி, கொட்டாப்புளியால், அதாவது மரச்சுத்தியலால், பைய ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் அங்கே மட்டும் மடிந்து, பக்கத்தில் அலை விழும். துளையெல்லாம் மடிக்கும் முன்பே போட்டுவிடு. பெரிய துளைக்குச் சாதாரண பிட் போட்டால் மெல்லிய தகட்டில் வட்டம் வராது, மூன்று மூலையோடு வரும். தகட்டை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துத் துளைத்தால் ஒழுங்காக வரும். இப்போது படிப்படியாக அகலமாகிற கூம்பு பிட் கிடைக்கிறது, அது இன்னும் சுகம்.

அப்புறம் கடல். நம் வீட்டிலிருந்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை எவ்வளவு பக்கம் என்று உனக்குத் தெரியும். அலுமினியப் பெட்டியில் ஸ்டெயின்லெஸ் திருகு போட்டால் கடல் இல்லாத ஊரில் அவ்வளவாக ஒன்றும் ஆகாது. இங்கே இரண்டு உலோகத்துக்கும் நடுவில் உப்பு ஈரம் இறங்கினால் அலுமினியம்தான் கரையும். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, பிறகு திருகு திரும்பவே திரும்பாது. கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போய்வந்த ஆம்ப்ளிஃபயர்களில் அப்படி எத்தனையோ திருகை நான் துளைத்து எடுத்திருக்கிறேன். அதன் பிறகு திருகு போடும்போது கொஞ்சம் கிரீஸ் தொட்டு, நைலான் வாஷரும் வைப்பது பழக்கமாகிவிட்டது.

மரத்தையும் யோசித்தேன். அயினித் தடி ஒரு பலகை வீட்டில் இருக்கிறது, எனக்கும் மரம் என்றால் ஆசை. ஹாலில் வைக்கிற ரேடியோ என்றால் அதில்தான் செய்திருப்பேன். ஆனால் நம் ஊரில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. மோட்டார் ரூமில் மரம் ஈரம் குடித்து அகலவாக்கில் உப்பும், வெயிலில் சுருங்கும், மூட்டு விடும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை என்றால் ஒரு மழைக்காலம் தாங்காது. ரப்பர் மரம் மலிவுதான், ஆனால் மருந்து ஏற்றாததென்றால் வண்டு துளைத்துவிடும்.

தாத்தா வழியில் தகரத்தில் செய்து ஈயம் பற்றவைக்கலாமா என்றால், அதுவும் வைஃபையை மூடிவிடும். இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, எப்போதும் நினைவில் வை. தகர வேலைக்கு நாங்கள் நவச்சாரமும் ஆசிட்டும் போடுவோம். அது போர்டு பக்கம் வரவே கூடாது. பற்றவைத்த பெட்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகுதான் போர்டை உள்ளே வைக்க வேண்டும். இல்லையென்றால் மெல்லிய செம்புக் கோடுகள் சில மாதத்தில் பச்சைபிடித்து அற்றுப்போகும்.

அக்ரிலிக் பற்றி நீ கேட்டாய். பார்க்க அழகு, ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். 230 வோல்ட்டும் ரிலேயும் இருக்கிற பெட்டிக்கு அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

கடைசியில் நான் எடுத்தது விளையில், அதாவது தோட்டத்தில், குழாய் போட்டபோது மிஞ்சிய நாலு அங்குல பிவிசி பைப். நீ சிரிக்காதே. 110 மில்லி பைப்பை நீளவாக்கில் ஒரு கோடு அறுத்து விரித்தால் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தகடு கிடைக்கும். வைஃபை தாராளமாக வெளியே வரும், மின்சாரம் கடத்தாது, உப்பு ஒன்றும் செய்யாது, தீயை எடுத்துவிட்டால் தானாக எரியாது. எந்த ஊர்க் கடையிலும் ஒட்டப் பசை கிடைக்கும்.

செய்த விதம் இதுதான். கல்யாணப் பத்திரிகை அட்டையில் முதலில் பெட்டியைச் செய்தேன். உன் போர்டை அதில் வைத்து, ஒயரை இழுத்து, ஸ்க்ரூடிரைவர் நேராக இறங்குகிறதா, என் விரல் நுழைகிறதா என்று பார்த்தேன். இரண்டு தடவை பெரிதாக்க வேண்டியிருந்தது. நீ போர்டு அளவுக்குச் சட்டை தைத்த மாதிரி வரைந்திருந்தாய். ஒயருக்கு வளையவும் இடம் வேண்டும், மக்களே.

பிறகு பைப்பை அளவைவிட இரண்டு விரற்கடை கூட்டி அறுத்தேன், ஏனென்றால் சூடாக்கினால் நீளவாக்கில் சுருங்கும். சூடான காற்று ஊதுகிற ஹீட் கன்னை ஒரே இடத்தில் காட்டாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் பைப் தோல் மாதிரி துவளும். கையுறை போட்டு விரித்து, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே ஆட்டுக்கல்லை ஏற்றி, ஆறும்வரை விட்டேன். அடுப்பில் மட்டும் காட்டாதே. கருகினால் வருகிற புகை அமிலப் புகை, நெஞ்சைப் பிடிக்கும். வேலையை முற்றத்தில் வைத்துக்கொள். இதே காரணத்தால் லேசர் வெட்டுகிற கடையிலும் பிவிசியைக் கொடுக்கக் கூடாது.

மடிப்பதற்குப் பெட்டியின் உள்ளளவுக்கு ஒரு மரக்கட்டை இழைத்துக்கொண்டேன். கோட்டின் இரண்டு பக்கமும் சூடு காட்டி, கட்டையின் விளிம்பில் மடித்து, ஈரத்துணியால் அழுத்திப் பிடித்தேன். சூடு போதாமல் மடித்தால் மடிப்பில் வெள்ளைக் கோடு விழும். அந்த இடம் பின்னால் உடையும், அப்படி விழுந்தால் திரும்பச் சூடாக்கு. முதல் துண்டு எனக்குக் கெட்டுப்போனது, இரண்டாவது வந்தது. பக்கத் தகடுகளை உப்புத்தாளால் தேய்த்துப் பசை போட்டு ஒட்டினேன். பசை வாடை போக முழுதாக இரண்டு நாள் திறந்து வைத்துவிட்டுத்தான் போர்டை உள்ளே வைத்தேன்.

பிவிசியும் 80 டிகிரிக்கு மேல் இளகும்தான். பொருளை மாற்றினால் மட்டும் போதாது என்று தோன்றியது. அதனால் மேற்குச் சுவரை விட்டு, உள்பக்கம் வடக்குச் சுவருக்கு மாற்றினேன். நீ ஏழாம் வகுப்பில் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா போனபோது நானும் துணைக்கு வந்தேனே, நினைவிருக்கிறதா? ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் ஏறியதும் "இங்க மட்டும் எப்படிம்மா குளிருது?" என்று கேட்டாய். சாய்ந்த மரச்சட்டங்கள் வழியாகக் காற்று வரும், வெயிலும் மழையும் வராது. அதை நினைத்துத்தான் இந்தப் பெட்டியின் இரண்டு பக்கமும் மேலாக மூன்று கீற்று அறுத்து, ஒவ்வொன்றையும் சூடுகாட்டி வெளிப்பக்கம் கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டேன். அடியிலும் துளைகள் உண்டு. கீழே குளிர்ந்த காற்று நுழையும், மேலே சூடு வெளியேறும். உள்பக்கம் கொசுவலைக் கம்பி ஒட்டியிருக்கிறேன், பல்லிக்கும் பெரிய பூச்சிக்கும்.

எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் ஈரம் வராதே என்று நீ நினைக்கலாம். பகலில் சூடாகி உள்ளே இருக்கும் காற்று வெளியேறும், ராத்திரி குளிரும்போது ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். அது உள்ளேயே வேர்த்துத் தங்கிவிடும். முழுக்க அடைக்க முடியாத பெட்டிக்கு அடியில் வழி விடுவதுதான் நல்லது. ஒயர்களும் அடியிலிருந்தே வருகின்றன. பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்க விட்டிருக்கிறேன், ஒயர் வழியாக வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

மின்சாரப் பக்கமும் உன் 5 வோல்ட் பக்கமும் நெருங்காமல், நடுவில் ஒரு பிவிசித் தடுப்பு நிறுத்தியிருக்கிறேன். இரண்டுக்கும் குறைந்தது 8 மில்லி இடைவெளி என்பது எங்கள் கடை வழக்கம். மோட்டார் ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டிக்கு எர்த் இருக்கிறதா என்று பார்த்தோம். இருந்தது, ஆனால் பெயின்ட் மேலேயே திருகியிருந்தது. சுரண்டி, நட்சத்திர வாஷர் போட்டு இறுக்கினோம். நீ உலோகப் பெட்டி செய்தால் இதை மட்டும் ஒருநாளும் மறக்கக் கூடாது. இங்கே தொடுகிறது நானும் அப்பாவும் தேங்காய் வெட்ட வருகிறவர்களும்.

ஆனி மழை முழுக்கப் பார்த்தாயிற்று. நேற்றுத் திறந்தேன், உள்ளே காய்ந்து கிடந்தது. உன் பழைய பெட்டியை நான் தூக்கிப்போடவில்லை. தொய்ந்த மூடியை மட்டும் எடுத்துவிட்டு, அப்பாவின் மேசையில் ரெசிஸ்டர் போட்டு வைக்க வைத்திருக்கிறோம்.

அடுத்து கிணற்று மோட்டாருக்கு ஒன்று செய்கிறேன் என்றாயே, அதற்கு இதெல்லாம் வேண்டும். போர்டின் நாலு மூலையிலும் 3 மில்லி துளை விடு, இந்தத் தடவை இரண்டுதான் இருந்தது, போர்டு ஆடுகிறது. ஒயர் மாட்டும் டெர்மினல் எல்லாம் ஒரே விளிம்பில், கீழ்நோக்கி வரட்டும். ஆன்டெனா மேல் விளிம்பில் இருக்கட்டும். வரைந்ததும் போர்டு செய்யக் கொடுத்துவிடாதே. உண்மை அளவில் காகிதத்தில் அச்செடுத்து எனக்குத் தபாலில் அனுப்பு, நான் அட்டைப் பெட்டியில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். பேட்டரி வைக்கும் யோசனை இருந்தால் அதன் அளவையும் எழுது. மீதிப் பைப் இரண்டு அடி இருக்கிறது, அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா