ஏலகிரியில் பெய்தது பனிப்பொழிவு இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழில் ‘ஏலகிரியில் பனிப்பொழிவு, சுற்றுலாப் பயணிகள் உற்சாகம்’ என்ற செய்தியைப் படித்தேன். படத்தில் சாலையே தெரியாதபடி புகைபோல் பனி மூடியிருக்க, பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு பேருந்து வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. படம் அருமை. ஆனால் அதில் இருப்பது மூடுபனி. சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரியில் பனி பொழிய வாய்ப்பே இல்லை.

நான் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். 1986-இல் பிரிக்கப்படாத வட ஆற்காடு மாவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, அணைக்கட்டு, கணியம்பாடி பக்கத்துப் பள்ளிகளில் 37 ஆண்டுகள் பாடம் நடத்தினேன். பனித்துளி, மூடுபனி, உறைபனி, பனிப்பொழிவு நான்கையும் கரும்பலகையில் படம் போட்டுத்தான் சொல்லிக்கொடுத்தேன். கடைசி இரண்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. வெயிலூர் என்று பெயரெடுத்த எங்கள் வேலூரில் எங்கே பார்ப்பது? மார்கழியில் விடியற்காலை கோலம் போடும்போது விரல் விறைக்கும், அவ்வளவுதான் எங்கள் குளிர்.

இந்தத் தை மாதம்தான் அது வாய்த்தது. டெல்லியில் வேலை பார்க்கும் இளைய மகள் கூப்பிட்டாள் என்று காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறிப் போனேன். அங்கிருந்து சிம்லா, அப்புறம் சட்லெஜ் ஆற்றை ஒட்டிய மலைப்பாதையில் ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து, இமாச்சலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டத்தில் உள்ள கல்பா கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏறக்குறைய 2,900 மீட்டர் உயரம். எதிரே கின்னர் கைலாச மலை. சுற்றிலும் இலை உதிர்ந்த ஆப்பிள் தோட்டங்கள். நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். பச்சை வெல்வெட் மடிப்பு வைத்த தொப்பியை அடுப்படியிலும் கழற்றமாட்டார்.

முதல் நாள் காலை கதவைத் திறந்தால் புல்லெல்லாம் வெள்ளை. ‘பனி பெய்திருக்கிறது!’ என்று மகளை எழுப்பினேன். வீட்டுக்கார அம்மா எட்டிப்பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இது ‘பாலா’, ‘பர்ஃப்’ இனிமேல்தான் வரும் என்றார். மகள் மொழிபெயர்த்தாள். பாலா என்றால் நம் உறைபனி, பர்ஃப் என்றால் வானத்திலிருந்து விழும் பனி. குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் ஊசி ஊசியாக, உப்புப் பூத்ததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த புல்லின்மேல் காற்றிலுள்ள நீராவி அப்படியே படிகமாகிவிடும். வானத்திலிருந்து எதுவும் விழுவதில்லை. இத்தனை வருடம் இதை நடத்திய நானே வெள்ளையைக் கண்டதும் ஏமாந்துவிட்டேன். ஊட்டியில் தலைகுந்தா புல்வெளியை வெள்ளையாகப் பார்க்கும் நிருபர் பனிப்பொழிவு என்று எழுதிவிடுவதை அதனால் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்த ஊர்க்காரர்களே நீர்ப்பனி, உறைபனி என்று பிரித்துத்தானே சொல்கிறார்கள்?

மறுநாள் மாலை மேகம் இறங்கிக் கின்னர் கைலாசம் மறைந்தது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கே நகர்ந்து வரும் காற்றழுத்தக் கோளாறுகள்தான் குளிர்காலத்தில் அந்த மலைகளுக்குப் பனியைக் கொண்டுவருகின்றன. குழாய் உறைந்துவிடாமல் இருக்க இரவெல்லாம் சொட்டவிட்டிருந்தார்கள். அந்தச் சொட்டும் தெருநாய்களின் குரைப்பும் கேட்டபடி தூங்கினேன். நடுராத்திரி விழித்தபோது குழாய்ச் சொட்டைத் தவிர ஒன்றுமே கேட்கவில்லை. மழையென்றால் கூரையில் சத்தம் கேட்கும். இது எப்போது ஆரம்பித்ததென்றே தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால் மெதுவாக, சாய்ந்து சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது.

கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றேன். கையில் வந்து உட்கார்ந்த ஒரு துகளுக்கு ஆறு கைகள். கண்ணாடியைச் சரிசெய்து பார்ப்பதற்குள் என் மூச்சுக்காற்றிலேயே கரைந்துவிட்டது. அமெரிக்காவில் பென்ட்லி என்ற விவசாயி 1885-இல் பனிப்படிகத்தைப் படம் எடுத்ததை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அவர் பட்ட பாடு அன்றுதான் விளங்கியது.

காலையில் முழங்காலளவு பனி. ஒரு சொம்பு நிறைய அள்ளி அடுப்பருகே வைத்தேன். எல்லாம் உருகிய பின் அடியில் ஒன்றரை விரற்கடை தண்ணீர்தான் மிஞ்சியது, மீதி அத்தனையும் காற்று. புதுப்பனியில் இருக்கும் அந்தக் காற்றுப் பொந்துகளில்தான் சத்தம் சிக்கி அடங்கிவிடுகிறது.

சத்தமில்லாத அந்த இரவில் என் மாணவன் ஒருவனின் நினைவு வந்தது. வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருக்கிறார் என்று பெயர் பெற்ற கம்மவான்பேட்டைப் பையன். படையில் சேர்ந்து முதல் விடுப்பில் வந்தபோது, ‘பனி விழறப்ப சத்தமே வராது டீச்சர்’ என்றான். சரி, சின்னப் பையன் எதையோ சொல்கிறான் என்று விட்டுவிட்டேன்.

நான் இந்தக் கடிதம் எழுதுவதே அவனுடைய அம்மாவுக்காகத்தான். சில வருடங்களுக்கு முன், அவன் காஷ்மீரில் இருந்தபோது, ஒரு நாளிதழைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். தலைப்பை மட்டும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். ‘டீச்சரம்மா, பனிச்சரிவுன்னு போட்டிருக்காங்க. மண்ணு சரிஞ்சு வீட்டை மூடுதே, அந்த மாதிரியா?’ என்றார். கை நடுங்கியது. செய்தியைப் படித்தால், கனத்த பனிப்பொழிவால் சாலை மூடப்பட்டது என்றுதான் இருந்தது. தலைப்பில் மட்டும் பனிச்சரிவு. எவ்வளவோ சொன்னேன், அவருக்குத் தைரியம் வரவில்லை. மகனுக்குப் போனும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்ட பிறகுதான் சோறு உள்ளே போனது.

பனி பெய்கிறது, தலையில் துண்டைப் போடு என்று வீட்டில் பேசுவதை நான் குறை சொல்லவில்லை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார் என் பாட்டி. இந்த ஊர்ப் பேச்சுக்குப் பனி என்ற ஒரு சொல் போதும். செய்தித்தாளுக்குப் போதாது. ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் படர்வதை மூடுபனி என்றும், ஊட்டிப் புல்வெளியில் படிவதை உறைபனி என்றும் எழுதுங்கள். இமயத்தில் வானத்திலிருந்து விழுவதற்கு மட்டும் பனிப்பொழிவு என்ற சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். பனிச்சரிவு என்ற சொல்லைத் தலைப்பில் போடுமுன், மலைச்சரிவிலிருந்து பனி உண்மையிலேயே பெயர்ந்து விழுந்ததா என்று தயவுசெய்து ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைப் படிக்கும் வீடுகள் நிறைய.

ஊர் திரும்பியதும் கம்மவான்பேட்டைக்குப் போய், கல்பாவில் எடுத்த வீடியோவை அந்த அம்மாவிடம் காட்டினேன். போனைக் காதருகே வைத்துக் கேட்டார், மறுபடியும் பார்த்தார். ‘இதானா டீச்சரம்மா? பஞ்சு மாதிரி இல்ல விழுது!’ என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, ‘அவனுக்குப் பாதம் நனையாதா?’ என்று கேட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
சத்துவாச்சாரி, வேலூர்.