தப்பு என்று சொன்னால் கோபம் ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நிறையப் படித்தவர்கள் வாதத்தில் இறங்கினால், எது உண்மை என்பதை விட்டுவிட்டு யார் ஜெயித்தார் என்பதிலேயே நிற்கிறார்கள், இது எனக்கு நிஜமாகவே வேதனையாக இருக்கிறது. போன மாதம் ஒரு கருத்தரங்கில், திரையில் இருந்த அட்டவணையில் கூட்டுத்தொகை தப்பு என்று ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னார். பேச்சாளர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ என்ன படிக்கிறாய்?" என்றார்.

பெரிய அறிஞர்களும் இதற்கு விலக்கில்லை. 1982-ல் டான் ஷெக்ட்மன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒரு புதுவகைப் படிக அமைப்பைக் கண்டபோது, இரண்டு நோபல் வாங்கிய லைனஸ் பாலிங் அதைக் கடைசிவரை ஏற்கவில்லை. 2011-ல் ஷெக்ட்மனுக்கே நோபல் கிடைத்தது.

சரி, அந்த அட்டவணையை நானும் கூட்டிப் பார்த்தேன். தப்புதான். அந்தப் பெண் அப்புறம் வாயே திறக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்