பேசும் பேனை தமிழிலும் பேசட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஜிம் மார்கிராஃப் 1999இல் லீப்பேட் என்னும் பேசும் புத்தகத்தையும், 2008இல் லைவ்ஸ்கிரைப் நிறுவனத்தின் பல்ஸ் பேனையையும் உலகுக்குத் தந்தவர். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்புள்ளிகள் அச்சிட்ட தாளில் எழுதும்போது, பேனை முனையருகே உள்ள சிறு கமரா அப்புள்ளிகளைப் படித்து எழுத்தின் இடத்தை அறிய, அதே வேளையில் ஆசிரியரின் குரலும் பதிவாகிறது. பிறகு கொப்பியில் ஒரு சொல்லைத் தொட்டால், அதை எழுதிய கணத்தில் வகுப்பில் சொல்லப்பட்டது மீண்டும் கேட்கிறது. எழுதுவதில் பின்தங்கும் பிள்ளைக்கு இது எத்தகைய துணை!

மட்டக்களப்புக் கடைகளிலும் பேசும் விளையாட்டுப் புத்தகங்கள் கிடைக்கின்றன. ஆனால் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் முன்பள்ளிப் பிள்ளை படத்தை அழுத்தினால் கேட்பது ஆங்கிலமே. ஆப்பிளும் பனிமனிதனும் வரும் அப்பக்கங்களில் எங்கள் வாவியின் இறாலுக்கும் நண்டுக்கும் இடமில்லை.

ஒலியைப் பதிந்து படத்துடன் இணைப்பது இன்று எட்டாத தொழில்நுட்பமல்ல. கிழக்குப் பல்கலைக்கழகக் கணினித்துறை மாணவர்களும் முன்பள்ளி ஆசிரியைகளும் சேர்ந்து, இப்பிரதேசப் பேச்சிலேயே ஒரு பேசும் புத்தகத்தை ஆக்க முடியும். வலயக் கல்வி அலுவலகங்கள் இவ்வாண்டே அவர்களை ஒன்றுகூட்ட வேண்டுமென மிகுந்த அக்கறையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
கொக்கட்டிச்சோலை.