எல்லைக்கு அப்பாலும் தில்லிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

நாட்டின் பெருநகரங்களைப் பற்றிப் பேசும்போது, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மும்பையில் 1.84 கோடி, தில்லியில் 1.63 கோடி, கொல்கத்தாவில் 1.41 கோடி என்று எழுதுகிறோம். இவை சுற்றி ஒட்டி வளர்ந்த ஊர்களையும் சேர்த்த எண்கள். கொல்கத்தா மாநகராட்சியை மட்டும் எடுத்தால் சுமார் 45 லட்சம்தான். ஒரே மாநிலத்தில் இருப்பதால் தாணேயும் நவி மும்பையும் மும்பையோடு சேர்கின்றன. தில்லிக்கோ மாநில எல்லை குறுக்கே நிற்கிறது. தில்லியின் எல்லையிலுள்ள ஆனந்த் விஹாருக்கு அடுத்த மெட்ரோ நிலையமான கௌசாம்பி உத்தரப் பிரதேசத்தில் இருப்பதால், அங்கே குடியிருந்து அன்றாடம் தில்லிக்கு வேலைக்கு வருபவர் தில்லிக் கணக்கில் வருவதில்லை. நொய்டா, குருகிராம், ஃபரீதாபாத் மக்களின் நிலையும் அதுவே. அவர்களை விட்டுவிட்டுப் பேருந்தையும் குடிநீரையும் திட்டமிடுவது பெரும் பிழை. அடுத்த கணக்கெடுப்பிலாவது மாநில எல்லை கடந்த பெருநகரங்களுக்குத் தனி அட்டவணை வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், புது தில்லி