மண்டபத்தைத் திறந்துவிடுங்கள்: மலேசியப் பொதுப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களே, வணக்கம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் அடுக்குமாடியின் மின்தூக்கிப் பழுதைப் பற்றி மாணவர்கள் ஏற்பாடு செய்திருந்த கூட்டத்துக்கு வந்து, உங்களில் ஒருவருடைய வளாக வாசலில் நாங்கள் 38 பேர் ஒன்றரை மணி நேரம் நின்றோம். மண்டபத்துக்கான அனுமதி ரத்து என்று அன்று காலைதான் மாணவர்களுக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அப்போது எங்கள் பஸ் பாதி வழியில் இருந்தது. பேச்சாளர்களின் பின்னணி விவரம் போதவில்லையாம். பேச்சாளர்கள் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பாளர்கள்தான். மாணவர்கள் அனுமதிப் படிவம் கொடுத்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அந்தப் பேச்சாளர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு 67 வயது. பதினோராவது மாடி. கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மின்தூக்கி பழுதான நாட்களில் அவரை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பையன்கள் படி வழியாக இறக்குவார்கள். ஆறாவது மாடியில் ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள். திரும்பி வரும்போது அவர் துவண்டிருப்பார். அப்போது இன்னும் கனக்கிறார் என்று பையன்கள் சொல்வார்கள். அக்கா ஏழு ஆண்டுகளாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பொறியியல் மாணவர்கள் எட்டு வாரம் எங்கள் மின்தூக்கிகள் நின்ற நேரங்களைக் குறித்து வைத்திருந்தார்கள். சட்ட விரிவுரையாளர் ஒருவர் பதில் சொல்ல வருவதாக இருந்தது. அக்கா தீபாவளிச் சேலையை உடுத்திக்கொண்டு, நாட்காட்டித் தாளின் பின்புறம் ஒரு கேள்வியை எழுதி எடுத்து வந்தார்: "இதை யாரிடம் கேட்டால் பதில் கிடைக்கும்?"

அந்தத் தாளை அவர் வாசலில் என் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வீடு வரும்வரை யாருடனும் பேசவில்லை.

ஐயா, அம்மா, நாங்கள் கேட்பது ஒன்றுதான். மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். மாணவர்கள் பொதுமக்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு அனுமதி கேட்கும் முறையை எடுத்துவிட்டு, அறிவித்தால் போதும் என்று ஆக்குங்கள்.

இந்தக் கேள்வியை ஏன் பல்கலைக்கழகத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம் என்று கேட்கலாம். கோலாலம்பூரில் வேறு எங்கே போவது? நாட்டில் 1965-இல் நிறுத்திவைத்த உள்ளாட்சித் தேர்தல், 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தோடு அடியோடு போயிற்று. நகரத் தலைவரான டத்தோ பண்டார் நியமனத்தில் வருகிறார். மத்திய அரசின் நேரடி நிர்வாகத்தில் உள்ள கூட்டரசுப் பிரதேசம் என்பதால் எங்களுக்குச் சட்டமன்றத் தொகுதியும் கிடையாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்துக்கு ஒரே ஒரு வாக்கு. அதற்கு இடைப்பட்ட நாட்களில் வாய் திறந்து பேச ஓர் இடம் வேண்டாமா?

மாணவர் செயல்பாடுகளைக் கட்டுப்படுத்தும் பல்கலைக்கழகச் சட்டத்தின் வரலாற்றை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1974 டிசம்பரில் கெடா மாநிலத்துப் பாலிங் விவசாயிகளின் வறுமைக்காக மாணவர்கள் இந்த நகரத்தில் திரண்டார்கள். மறு ஆண்டே அந்தச் சட்டம் இறுக்கப்பட்டது. பிறகு 2012-இலும் 2018-இலும் அது தளர்த்தப்பட்டது. 2021 டிசம்பர் முதல் 18 வயதுப் பிள்ளைக்கு வாக்குரிமையும் இருக்கிறது. சட்டம் இவ்வளவு தூரம் நகர்ந்து வந்திருக்கிறது. படிவம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. நாட்டின் பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில் பங்குள்ள பிள்ளையை, ஒரு மின்தூக்கியைப் பற்றிப் பேசக் கூட்டம் நடத்த விடாமல் தடுப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உங்கள் மாணவர்கள் எங்கள் புளோக்குக்கு வந்து சுவருக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள். நன்றாகத்தான் பூசினார்கள்; தேநீர் போட்டுக் கொடுத்தோம். அதைச் சமூக ஈடுபாடு என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டீர்கள். மகிழ்ச்சிதான். அன்று எங்கள் கதவைத் திறக்க யாருடைய பின்னணியையும் நாங்கள் கேட்கவில்லை.

இன்னொன்றும் மனத்தில் கிடந்து உறுத்துகிறது. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த 1950-களில், அதன் இந்திய இயல் துறையில் தமிழ் இருக்க வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் எழுப்பினார். 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு உழைப்பாளிகள் தங்கள் கைக்காசைக் கொடுத்தார்கள். நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க அது உதவியது. பல்கலைக்கழக வாசலைக் கண்ணால் பார்த்திராதவர்களும் அந்தப் பணத்தைக் கொடுத்திருப்பார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளான எங்களிடம், உள்ளே என்ன வேலை என்று இன்று பாதுகாவலர் கேட்கிறார். அவர்மீது எனக்கு வருத்தமில்லை. வெயிலில் நின்ற அக்காவுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தவர் அவர்தான். அவருக்கு அந்த உத்தரவைக் கொடுத்தவர்கள்மீதுதான் கோபம்.

கோபத்தில் மரியாதை குறைந்திருந்தால் பொறுத்தருளுங்கள். நாட்டில் 20 பொதுப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு மண்டபத்தைப் பொதுமக்களும் மாணவர்களும் பேசுவதற்குத் திறந்துவிடுங்கள். தமிழில் கேட்பவர்களுக்குத் தமிழிலும் பதில் கிடைக்கட்டும். மொழிபெயர்க்க உங்கள் மாணவர்களே தயாராக இருக்கிறார்கள். அவர்களிடம் நாங்கள் கேட்டும் பார்த்துவிட்டோம். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில், கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாவது தெரிவியுங்கள்.

அக்காவின் நாட்காட்டித் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நாள் குறித்துச் சொல்லுங்கள். அவரை அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
குடியிருப்பாளர் சங்கச் செயலாளர்,
கோலாலம்பூர்