தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓர் அக்கா எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எந்தப் பத்திரிகை என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அது ஒருவரோடு முடிந்துவிடும்.

என் தம்பி தற்கொலையால் இறந்த மறுநாள் காலை, "காதல் தோல்வியா, கடன் தொல்லையா?" என்று தலைப்புப் போட்டு நான்கு பத்திச் செய்தி வந்தது. போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல்கூட இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. மார்ச்சுவரி வாசலில் நின்ற சித்தப்பா கையில் அந்தப் பேப்பர். எங்களுக்கே தெரியாத காரணம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

துக்கம் கேட்க வந்தவர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் வந்தார்கள். மாரடைப்பில் போனவர் வீட்டில் "எப்படி இருந்த மனுஷன்" என்பார்கள். எங்கள் வீட்டில் "எவ்வளவு கடன்?" என்றார்கள். பதினாறாம் நாள் வரை "கடன் எதுவும் இல்லைங்க" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்புறம் பேசுவதையே விட்டுவிட்டாள்.

பரபரப்பாகத் தலைப்பு வைக்காதீர்கள், எப்படி, எங்கே என்று விவரிக்காதீர்கள், படம் போடாதீர்கள் என்று இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-இலேயே சொல்லிவிட்டது. 2022-இல் தமிழ்நாட்டில் மட்டும் இப்படி இறந்தவர்கள் 19,834 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தாலும் ஏறக்குறைய எண்பதாயிரம் பேர் எங்களைப் போல.

செய்தியின் அடியில் "தற்கொலை எதற்கும் தீர்வல்ல" என்று போடுகிறீர்கள். நல்ல எண்ணம்தான், சரி. அன்று எனக்கு அது செத்துப்போன பிள்ளைக்குச் சொன்ன புத்திமதியாகத்தான் பட்டது. கூடவே இருந்த 104 என்ற உதவி எண்ணை ஏழு மாதம் கழித்து நான்தான் அழைத்தேன். கடைசியாக அவன் கூப்பிட்டபோது போனை ஏன் எடுக்கவில்லை என்று அழுதேன். எடுத்த பெண் அவசரப்படுத்தவில்லை. தம்பி பெயர் என்ன என்று கேட்டாள். அவன் போனதிலிருந்து அவன் பெயரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

104, 14416 என்று உதவி எண்களைப் போடும் இடத்தில், "இழந்தவர்களும் அழைக்கலாம்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். காரணம் தேடும் தலைப்புகளை நிறுத்துங்கள்.

இன்னொன்று. படம் போட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் அவன் நண்பர்கள் யாரிடமோ வாங்கி நீங்கள் போட்ட அந்தப் படத்தை நாங்கள் அதற்குமுன் பார்த்ததே இல்லை. டீக்கடையில் வாய்விட்டுச் சிரிக்கிறான். அம்மா தலைப்பைக் கத்தரித்து எறிந்துவிட்டுப் படத்தை மட்டும் சாமி அலமாரியில் வைத்திருக்கிறாள். தாள் மஞ்சளாகி ஓரம் உதிர்கிறது. அசல் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அக்கா