தனூப் தண்ணிப் போத்தலும் "கொள்ளைக்காரர்" எண்ட சொல்லும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில வந்த அரபு நாட்டுக் கட்டுரை வாசிச்சன். படங்கள் எல்லாம் நல்ல வடிவு. ஆனா ஓமான் பக்கம் வந்த உடன "கொள்ளைக்காரக் கோத்திரங்களை பிரிட்டிஷ்காரர் அடக்கி அமைதியைக் கொண்டு வந்தினம்" எண்டு ஒரு வரியில கதையை முடிச்சிட்டார் எழுதினவர். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுறன், கொஞ்சம் நீண்டு போனா குறை நினைக்காதேங்கோ.

நான் படிச்ச ஆள் இல்ல, ஓமான் உள்நாட்டு நகரம் நிஸ்வாவில பதினொரு வருசம் தண்ணி பவுசர் ஓட்டினனான். போன புதுசில நாங்கள் வாங்கிற போத்தல் தண்ணியில தனூப் எண்டு பேர் போட்டிருக்கும், கம்பனி முதலாளிட பேராக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை லீவில பொடியளோட மலைப்பக்கம் போகேக்கதான் தெரிஞ்சது, தனூப் எண்டது ஒரு ஊர், அதுவும் இடிஞ்ச ஊர். மண் வீடுகள், கூரை ஒண்டிலயும் இல்ல, சுவருக்குள்ள சாமான் வைக்கிற மாடக்குழி மட்டும் அப்பிடியே கிடக்கு. காலம் போய் இடிஞ்சதாக்கும் எண்டு பார்த்தா, ஆடு மேய்ச்சுக்கொண்டு நிண்ட ஒரு கிழவர் விரலை வானத்துக்குக் காட்டி வாயால விமானச் சத்தம் போட்டார், பிறகு கீழ ஃபலஜ் வாய்க்காலைக் காட்டினார். எனக்குத் தெரிஞ்ச அரை அரபுக்கு அது காணும்.

ஃபலஜ் எண்டா மலையடியில இருந்து நிலத்துக்குக் கீழால வெட்டிக் கொண்டு வாற தண்ணி. ஊர்ச் சனம் அதை முறை வைச்சுப் பிரிக்கும், பகலில நிழலைப் பார்த்து, இரவில நட்சத்திரம் பார்த்து, இன்னாருக்கு இவ்வளவு நேரம் எண்டு. எங்கட கந்தளாய்ப் பக்கம் வட்டவிதானை எண்ட தண்ணி பிரிக்கிற ஆள் முறை வைச்சுத் தண்ணி விடுற மாதிரித்தான், அதுக்குள்ள வாற சண்டையும் அதே சண்டைதான். 1950களில நடந்த ஓமான் சண்டையில பிரிட்டிஷ் விமானம் வயல், வீட்டோட இந்த வாய்க்காலுகளுக்கும் அடிச்சது. கொள்ளைக்காரனைப் பிடிக்கிறதுக்கு என்னத்துக்கு ஐயா வாய்க்காலுக்குக் குண்டு?

சங்கதி என்னண்டா, மஸ்கட் கரையில இருந்த சுல்தானுக்கு முதுகுக்குப் பின்னால பிரிட்டிஷ், உள்நாட்டில இருந்த கோத்திரங்களுக்கு 1913இல இருந்து தாங்களே தெரிஞ்சு வைச்ச இமாம், மதத்துக்கும் ஆட்சிக்கும் அவர்தான் தலைவர். 1915 ஜனவரியில கோத்திரங்கள் மஸ்கட்டை நோக்கி இறங்கினது உண்மைதான், அங்க நிண்ட பிரிட்டிஷ் இந்தியப் படைதான் அடிச்சுக் கலைச்சது. பிறகு 1920இல சீப் எண்ட இடத்தில ஒப்பந்தம் போட்டவை. அதில என்ன கேட்டவை தெரியுமோ, உள்நாட்டில இருந்து கரைக்கு வாற சாமானுக்கு நூற்றுக்கு 5க்கு மேல வரி எடுக்கக்கூடாது, கரைக்கு வந்து போற ஆக்களை மறிக்கக்கூடாது, எங்கட ஊர் விசயத்தில தலை போடக்கூடாது. பேரீச்சம்பழம் விக்கிறவன் கேக்கிற கேள்வியள் இது. அந்த ஒப்பந்தம் முப்பது வருசத்துக்கு மேல ஓடினது, அந்த முப்பது வருச அமைதியைப் பற்றி உங்கட கட்டுரையில ஒரு சொல்லும் இல்ல!

குழம்பினது எண்ணெயாலதான். 1954இல எண்ணெய்க் கம்பனி ஃபஹூத் பக்கம் போகுது, அதே வருசம் பழைய இமாம் மௌத்தாகி காலிப் பின் அலி வாறார், 1955 டிசம்பரில சுல்தான்ட படை நிஸ்வாவுக்குள்ள பூந்திட்டுது. 1957இல காலிப்ட தம்பி தாலிப் திரும்பி வந்து சண்டையைத் தொடங்க, சார்ஜாவில இருந்து பிரிட்டிஷ் விமானங்கள் வந்து அடிச்சது, முதல்ல நோட்டீஸ் போடுறது பிறகு குண்டு போடுறது. தனூப் பனீ ரியாம் கோத்திரத் தலைவர் சுலைமான் பின் ஹிம்யர்ட ஊர், அதால அந்த ஊருக்கு அந்தக் கதி. 1959 ஜனவரியில எஸ்ஏஎஸ் எண்ட பிரிட்டிஷ் சிறப்புப் படைக்காரர் இரவோட இரவா ஜபல் அக்தர் மலையில ஏறினதோட முடிஞ்சது, தலைவர்மார் சவூதிக்குத் தப்பிட்டினம்.

அவை எல்லாரும் உத்தமர் எண்டு நான் சொல்லேல்ல. தாலிப்புக்கு ஆயுதமும் காசும் சவூதியால வந்தது, கோத்திரத்துக்குக் கோத்திரம் வெட்டுக்குத்தும் இருந்தது. ஆனா வழியில காசு வாங்கிறது எல்லாம் கொள்ளை எண்டா, இப்ப யேமனில இருக்கிற ஏடன் பக்கம் ரத்பான் மலையைப் பாருங்கோ. தங்கட மலை வழியால போற ஆக்களிட்ட குதைபிக் கோத்திரம் காலம் காலமா ஆயம், அதாவது வழி வரி, வாங்கினது, பிரிட்டிஷ் ஆதரவில இருந்த சமஷ்டி அரசாங்கம் அதை நிப்பாட்டி சுங்கம் எங்களுக்கு எண்டுட்டுது. ஒரே ரோட்டு, ஒரே காசு, வாங்கின கை மட்டும்தான் மாறினது. 1963 ஒக்டோபர் 14 அங்க வெடிச்ச சண்டை 1967 நவம்பர் 30இல பிரிட்டிஷ் ஏடனை விட்டு ஏறின பிறகுதான் நிண்டது.

உங்களுக்கு ஒண்டு தெரியுமோ, இஞ்ச திருகோணமலையில சீனன்குடா விமானத் தளத்திலயும் துறைமுகத்திலயும் அவங்கட கொடி இறங்கினதும் அதே 1957தான். இஞ்ச கை குடுத்து, போட்டோ எடுத்து, மரியாதையாப் போயினம், அங்க அந்த ஆடி மாசம் குண்டு. பிரிட்டிஷ்காரர் கட்டின எண்ணெய்த் தாங்கிப் பக்கம் போகேக்க எல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

இன்னொண்டு, 1803இல வன்னியில பிரிட்டிஷை எதிர்த்த தலைவர் பண்டாரவன்னியனுக்கு மூண்டு பக்கத்தால படை போகேக்க அதில ஒண்டு எங்கட திருகோணமலையில இருந்துதான் போனது. கற்சிலைமடுவில நட்ட கல்லில தோற்கடிச்ச கப்டன்ட பேர் ஆங்கிலத்தில இருந்தது. அந்தக் கல்லை மட்டும் வாசிச்சவனுக்கு வன்னியன் ஆர் எண்டு என்ன தெரியும்.

தனூப் இடிபாடு நான் எடுத்த படம் நாலைஞ்சு கிடக்கு, பழைய போன், கொஞ்சம் மங்கல்தான். ஒண்டில அந்தக் கிழவர்ட ஆடுகளும் விழுந்திருக்கு. திருத்தம் போடுற எண்ணம் இருந்தா அனுப்பி விடுறன், காசு ஒண்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு வாசகன்